எண்பத்தொன்றாம் நாளில் நின்ற ஊசி

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றெழுத்து வராது. போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுவான். வேண்டாத இடத்தில் கொண்டுபோய்ச் சொருகுவான். இந்தப் பயணக் குறிப்பைத் தொடங்கிய அன்று, "அக்கா, நான் எழுதி உள்ள போட்டுடுறேன். நீ ஒரு தடவ கண்ண ஓட்டிட்டு வெளியிட்டுடு" என்று கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆகவே 'நான்கு கால்கள்' என்ற இந்தப் பக்கத்தில் நீங்கள் இதுவரை வாசித்த பதிவுகள் அத்தனையும் என் கை பட்டு வந்தவைதான். இது ஒன்று மட்டும் முழுக்க என்னுடையது.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். பாடப்புத்தகம், அலுவலக அறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள் என்று எது வந்தாலும் சமையலறை மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவேன். அரை மாத்திரை என்று இருக்க வேண்டியது ஆறு மாத்திரை ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. என் கவனக்குறைவால் ஒரு உயிருக்கும் கேடு வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன். இப்போதும் அதைச் சொல்லலாம். கவனக்குறைவு என்னிடம் கிடையாது.

நீங்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். என் தம்பியும் அவன் மனைவியும் ஒரு கடற்கரையில் கிளம்பி, ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் நடந்து, மறு கடற்கரையில் காலை நனைக்கப் போவதைத் தொண்ணூறு நாள் பார்க்க வந்தவர்கள். அவனை 'நடையண்ணன்' என்றீர்கள், அவளை 'நடையண்ணி' என்றீர்கள். அவர்கள் கால் கொப்புளத்தைப் படம் எடுத்துப் போட்டால் எண்ணூறு பேர் கண்ணீர் விட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் முதல் கோபம் உங்கள்மேல் இல்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கண்ணில் பாதியைச் சர்க்கரை தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான். அப்போது நானும் தம்பியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். ஒரு வருடம் என் வீட்டில், ஒரு வருடம் அவன் வீட்டில். முதல் வருடம் என்னுடையது. இரண்டாம் வருடம் அவன் குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் வருடம் அவன் மனைவிக்கு வேலையில் மாற்றம். நான்காம் வருடம் அப்பாவை மாடிப்படி ஏற்ற முடியாது என்றான். ஐந்தாம் வருடம் தட்டிக்கழிக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. நடக்கக் கிளம்பிவிட்டான்.

"தொண்ணூறே நாள்க்கா" என்றான். "வந்து இறங்கின அன்னைக்கே அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிடுறேன். சத்தியமா."

நம்பினேன். வேறொரு ஊரில் ஒரு பதிப்பகம் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. "தொண்ணூறு நாள்தானே, உங்களுக்காகக் காத்திருக்கோம்" என்றார் அதன் ஆசிரியர். நாற்பத்தொன்பது வயதில் எனக்காகக் காத்திருப்பதாக ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அப்பாவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை வீடு வந்து சேர்ந்து சாப்பிடும்வரை தன் வாயில் ஒரு கவளம் வைக்க மாட்டார். தம்பி சின்னப் பையனாக இருந்தபோது விளையாடிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவான். அதுவரை அப்பா தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பிள்ளைங்க சாப்பிடாம எனக்கு இறங்காது" என்பார். பிள்ளைங்க என்றுதான் சொல்வார். நான் எப்போதும் வீட்டிலேயே இருந்ததால் எனக்காக யாரும் காத்திருக்க வேண்டி வந்ததில்லை.

நடைப்பயணம் தொடங்கியதும் அந்தப் பழக்கம் மறுபடி தலையெடுத்தது. தம்பி மனைவி கிளம்புமுன் அப்பாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டி, வழி நெடுக நூல் கட்டி, குண்டு முனை வைத்த ஊசி ஒன்றைக் குத்திவிட்டுப் போயிருந்தாள். தினமும் மாலையில் பதிவு வந்ததும் நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். "தங்கிட்டாங்களா? சாப்ட்டாங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்றதும் ஊசியை நகர்த்தச் சொல்வார். இடது கையால் அதன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரம் வந்துட்டான், படவா" என்று சிரிப்பார். பிறகு வாயைத் திறப்பார். அந்த ஒரு பதிவின் தெம்பில் மறுநாள் காலையும் மதியமும் ஓடிவிடும். ஐந்து வருடமாக நான் ஊட்டுகிறேன். எனக்கு அப்படி ஒருநாளும் அவர் சிரித்ததில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் அவர்கள் மலைக்காட்டுக்குள் இருந்தார்கள். சிக்னல் கிடைக்கவில்லை, பதிவு வரவில்லை. அப்பா வாயை இறுக்கிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மருத்துவரை வரவழைத்தேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டார்.

"வயசு எண்பத்தொண்ணு. சர்க்கரை உடம்பு. இப்படியே வயிறு காஞ்சா பத்து நாள் தாங்காதும்மா. எழுதிட்டாங்கன்னு ஏதாவது சொல்லிச் சாப்பிட வைங்க" என்றார்.

சொன்னேன். ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தங்கினார்கள், வாத்தியார் வீட்டில் சூடாகச் சாப்பாடு கொடுத்தார்கள் என்று கையில் போனை வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி சொன்னேன். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். "நல்ல வாத்தியார், நல்லா இருக்கணும்" என்றார். அப்பாவுக்கு மருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அறுபத்து மூன்றாம் நாள் பதிவு உங்களுக்கு நினைவிருக்கும். நெருப்பு மூட்டி உட்கார்ந்து வீட்டை நினைத்தார்களாம். "என் அக்கா வீட்டோடு ஒட்டிப் பிறந்தவர். வெளியே தள்ளிப் பூட்டினாலும் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுவார்" என்று எழுதியிருந்தான். நானூற்றுச் சொச்சம் பேர் சிரித்தீர்கள். எல்லா வீட்டிலும் ஒரு அக்கா இப்படி இருக்கிறார், அவரால்தான் நம்மால் நடக்க முடிகிறது என்று ஒருவர் எழுதியதற்கு என் தம்பி சிவப்பு இதயம் போட்டான். அந்தப் பதிவில் ஆறு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தி வெளியிட்டுவிட்டு, அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றப் போனேன். அன்றைக்கு மூன்றாவது தடவை அது.

எண்பத்திரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு அடுத்த பதிவு வந்தது. இன்னும் எட்டு நாள்தான் பாக்கி. நான் பேனாவை வைத்துவிட்டு ஆர்வமாகத்தான் திறந்தேன். "நானும் இவளும் நேற்று முழுக்கப் பேசினோம். கடலுக்கு எங்களை நிறுத்த எந்த உரிமையும் இல்லை. கரையைத் தொட்டதும் வடக்கே திரும்பி நடக்கப் போகிறோம். இன்னும் ஐந்து மாதம். வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள்" என்று இருந்தது.

வீட்டில் எல்லோரும் என்றால் நான்தான். எனக்குப் போன் இல்லை, ஒரு வரிச் செய்தி இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லும் செய்தியை, அதில் பிழை பார்க்கிற வேலையின் வழியாக நான் தெரிந்துகொண்டேன். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு எரிந்தது. பாத்திரத்தை விட்டெறியவில்லை, கத்தவில்லை. மூன்று பிழை இருந்தது. திருத்தினேன். வெளியிட்டேன். அரை மணி நேரத்தில் இருநூறு பேர் வாழ்த்தினீர்கள்.

பக்கத்து அறையிலிருந்து அப்பா கேட்டார். "எழுதிட்டாங்களா?"

"இன்னும் எழுதலப்பா" என்றேன்.

அந்தச் செய்தியை வாசித்தால் மனிதர் உடைந்துபோவார், ஒருநாள் போகட்டும் என்றுதான் முதலில் அப்படிச் சொன்னேன். நாற்பத்தாறாம் நாள் மாதிரி வேறு ஏதாவது கற்பனை செய்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடுத்தவர் எழுதாததை எழுதியதாக வாசிப்பது என் தொழிலுக்கு அடுக்காது. ஒரு தடவை செய்தேன், அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் கேட்டார், இன்னும் எழுதலப்பா என்றேன். என் கையில் போன் இருந்தது, அதில் அன்றைய பதிவும் இருந்தது. ஒரு அணைக்கட்டின்மேல் நின்று இருவரும் கையை விரித்துப் படம் எடுத்திருந்தார்கள். அப்பா இடது கையை நீட்டி ஊசியைத் தடவினார். "அதே எடத்துலதான் இருக்கு" என்றார். ஆமாம், எண்பத்தொன்றாம் நாளில் இருந்தது.

நான் தட்டு வைக்கத் தவறவில்லை. மூன்று வேளையும் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொண்டுபோய் உட்காருவேன். "அவங்க எங்கயாவது தங்கட்டும், அப்புறம் சாப்புடுறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வற்புறுத்தக் கூடாது என்பது என் கொள்கை. தண்ணீர் கேட்டார், கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருக்க நான் என்ன கொலைகாரியா. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன். வெறும் வயிற்றில் அதைக் கொடுக்கக் கூடாது என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளைத் திருத்தியவளே நான்தான். அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

அவர் சாப்பிடாத மூன்றாம் நாள் எனக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். ஐந்து வருடத்தில் அவர் என்னைப் பார்த்து நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அந்த நிமிடமே போனை எடுத்து எல்லாவற்றையும் வாசித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகள் கேட்கக்கூடாத பெரிய நிபந்தனை ஒன்றும் இல்லை அது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் தம்பி போன் செய்வான்; மற்ற நாளில் போன் நடையைக் கெடுக்கும் என்று அணைத்து வைத்துவிடுவான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா எப்படிக்கா இருக்கார்?"

"தூங்குறார்."

"எழுப்பாத, எழுப்பாத. பதிவு பாத்தியா? கோவமா?"

"ஒரு எட்டு வந்து அவரப் பாத்துட்டுப் போறியா" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"இப்ப நடுவுல விட்டா மறுபடி கால் எழும்பாதுக்கா. நீ இருக்கியே, எனக்கென்ன கவல" என்றான். பின்னால் அவன் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நாயோ ஆடோ எதையோ பார்த்துச் சிரித்தாள். வைத்துவிட்டேன்.

"போன் அடிச்ச மாதிரி இருந்துச்சே" என்றார் அப்பா. அவர் குரல் அப்போதே கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகியிருந்தது. "தப்பான நம்பர்ப்பா" என்றேன்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு செவிலி வந்து அப்பாவுக்கு இரத்தம் சோதித்துவிட்டுப் போவாள். நல்ல பெண், வாய் மட்டும் ஓயாது. அவளும் உங்களில் ஒருத்தி. உள்ளே நுழையும்போதே, "தாத்தா, உங்க மகன் நேத்து பாலம் தாண்டிட்டாராமே" என்றுதான் ஆரம்பிப்பாள். திங்கட்கிழமை காலை அவளுக்குப் போன் செய்து, எனக்குக் காய்ச்சல், ஒட்டிக்கொள்கிற காய்ச்சலாம், இந்த வாரம் வர வேண்டாம் என்றேன். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் இல்லை.

பதினோராம் நாள் விடிந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். மருத்துவர் வந்தார். ஊசியைப் பிடித்தபடியே இருந்த விரல்களைப் பிரித்துக் கீழே வைத்தார். "முன்னமே கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றார். "எழுதலைன்னு பிடிவாதமா இருந்துட்டார் டாக்டர்" என்றேன். முதுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் 'நான்கு கால்கள்' வாசிக்கிறவர் இல்லை.

மறுநாள் காலைக்குள் தம்பியும் அவன் மனைவியும் வந்துவிட்டார்கள். வண்டியில் வந்தால் அந்தத் தூரம் இருபத்திரண்டு மணி நேரம்தான். தொண்ணூறு நாள் நடந்த தூரம் முழுக்க இருபத்திரண்டு மணி நேரம். அவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான், குறை சொல்ல மாட்டேன். அவள் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, ஊசி இங்கயே நிக்குது?" என்று கேட்டாள். இத்தனை பேரில் அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். "கடைசி நாட்கள்ல அவருக்கு நினைவு தப்பிடுச்சு" என்றேன். தலையை ஆட்டினாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்காமலேயே இருந்தாள்.

மூன்று நாள் கழித்துத் தம்பி ஒரு பதிவு எழுதினான். அதுதான் இதற்கு முந்தைய பதிவு. "அப்பா கடைசி மூச்சு வரை எங்களோடு நடந்தார். அவருக்குக் கடைசிவரை ஊட்டிவிட்ட பாக்கியம் அக்காவுக்குக் கிடைத்தது" என்று முடித்திருந்தான். "ஒரு தடவ பாத்துடுக்கா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். இரண்டாயிரத்து நானூறு பேர் அழுதீர்கள். என்னைத் தெய்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டிக்கொள்ளுங்கள். பதிப்பகத்தில் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் எங்கேயும் போகப்போவதில்லை.

அப்பாவைச் சாகடித்தது அவர் பிள்ளையின் நடை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிழைத்திருப்பார், கேட்கவில்லை, நான் என்ன செய்வது என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறது. விடுபட்டதைச் சேர்க்காமல் நான் எந்தத் தாளையும் திருப்பிக் கொடுத்ததில்லை. எனவே எட்டாம் நாளையும் இங்கே சேர்க்கிறேன்.

எட்டாம் நாள் சாயங்காலம். தட்டை எடுத்துக்கொண்டு போய் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுதினார்களா என்று அவர் கேட்பார், இல்லை என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. தலையை மெல்ல என் நிழல் பக்கம் திருப்பினார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

அறையில் வேறு யாரும் இல்லை. "சாப்ட்டேன்ப்பா" என்றேன். உண்மையாகவே சாப்பிட்டிருந்தேன்.

"அப்ப எனக்கும் கொஞ்சம் குடு" என்றார். இடது கை போர்வையின்மேல் நகர்ந்து தட்டைத் தேடிக்கொண்டு வந்தது. தட்டு என் மடியில்தான் இருந்தது. பால் இன்னும் சூடு ஆறவில்லை. விரல் அதன் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"அவங்கதான் இன்னும் எழுதலையேப்பா" என்றேன்.

கை அங்கேயே நின்றது. "ஆமால்ல" என்றார். மெதுவாக இழுத்துக்கொண்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். அன்றைய பதிவு வந்து காத்திருந்தது. ஒற்றெல்லாம் சரிபார்த்து வெளியிட்டேன்.